விதை விழுமுன் நிலத்தில் செய்யவேண்டிய வேலை

கேள்வி சுருக்கமாக இது. மலேசியாவின் பினாங்கில், பிறையில் குடியிருக்கும் ஒரு சகோதரி, பாயான் லெப்பாஸில் உள்ள எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்ட் வேலை செய்கிறார். ஓய்வு கிடைக்கிற ஞாயிறுகளில் தவறாமல் ஆராதனைக்குப் போகிறார், தினமும் படுக்கப்போகும் முன் வேதாகமத்தில் ஒரு அதிகாரம் வாசிக்கிறார். "கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. மதியம் சாப்பிட்டு எழுந்தால் என்ன வசனம் என்றே நினைவில்லை. இருதயத்தை ஆயத்தப்படுத்திக்கொண்டு வாங்க என்று சபையில் சொல்கிறார்கள். அதை எப்படிச் செய்வது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை" என்று கேட்டிருக்கிறார்.

முதலில் 'இருதயம்' என்ற சொல்லைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். நமக்கு இருதயம் என்றதும் உணர்ச்சி நினைவுக்கு வருகிறது. அதனால் ஆயத்தம் என்றால் கண்ணை மூடி, இரண்டு பாட்டுப் பாடி, மனம் உருகும்வரை காத்திருப்பது என்று எண்ணிவிடுகிறோம். பழைய ஏற்பாட்டு எபிரெயத்தில் 'லேவ்' என்பது மனிதன் யோசிக்கிற இடம், தீர்மானம் எடுக்கிற இடம். மலாயில் 'ஹாத்தி' என்பது மனதையும் குறிக்கும், அதையே இரட்டித்து 'ஹாத்தி-ஹாத்தி' என்றால் 'கவனமாக' என்று ஆகிவிடும். வேதம் கேட்கிற இருதயத்துக்கு அந்தப் பொருள்தான் நெருக்கம். "நீங்கள் கேட்கிற விதத்தைக்குறித்துக் கவனியுங்கள்" என்று லூக்கா 8:18இல் இயேசு சொல்வதும் அதைத்தான்.

எஸ்றா 7:10ஐப் பாருங்கள். வேதத்தை ஆராயவும், அதின்படி செய்யவும், உபதேசிக்கவும் எஸ்றா தன் இருதயத்தைப் 'பக்குவப்படுத்தியிருந்தான்' என்று நம் பழைய மொழிபெயர்ப்பு சொல்கிறது. அழகான சொல்தான், ஆனால் பக்குவம் என்றால் தானாக வரட்டும் என்று காத்திருக்கத் தோன்றும். மூலத்தில் உள்ள வினைச்சொல்லுக்கு 'நிலைநிறுத்தினான், உறுதியாக்கினான்' என்று பொருள். அதாவது அவன் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். வரிசையையும் கவனியுங்கள்: ஆராய, செய்ய, பிறகுதான் உபதேசிக்க. நம்மில் பலர் நடுவில் உள்ளதைத் தாண்டிக் குதித்து, வாசித்த கையோடு வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்பிவிடுகிறோம். அனுப்பிவிட்டாலே வசனத்துக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிட்ட திருப்தி வந்துவிடுகிறது.

என் கணிப்பில் உங்கள் கேள்விக்கான பதில் அந்த 'முடிவு' என்கிற இடத்தில்தான் இருக்கிறது. இதற்கு வேதத்திலேயே தலைகீழான உதாரணம் ஒன்று உண்டு: எரேமியா 42. எருசலேம் விழுந்தபின் மிச்சமிருந்த ஜனங்கள் தீர்க்கதரிசி எரேமியாவிடம் வந்து, நாங்கள் எங்கே போகவேண்டும், என்ன செய்யவேண்டும் என்று கர்த்தரிடம் கேட்டுச் சொல்லும் என்கிறார்கள். நன்மையானாலும் தீமையானாலும் கீழ்ப்படிவோம் என்று கர்த்தரையே சாட்சியாக வைக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இதைவிட ஆயத்தமான இருதயம் கிடையாது. பத்து நாள் கழித்துப் பதில் வருகிறது: இந்த தேசத்திலேயே இருங்கள், எகிப்துக்குப் போகாதிருங்கள். அவர்களுடைய மறுமொழி 43:2இல் இருக்கிறது: நீ பொய் சொல்லுகிறாய். ஏன் இப்படி? 41ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்களில் விடை கிடைக்கும். எகிப்துக்குப் போவதற்காக அவர்கள் ஏற்கெனவே புறப்பட்டு, பெத்லகேமுக்கு அருகே தங்கியிருந்தார்கள். மூட்டை கட்டிவிட்டுத்தான் வழி கேட்டார்கள். ஜெபம் இருந்தது, கண்ணீரும் இருந்திருக்கலாம், ஆனால் முடிவு அதற்கு முன்பே எடுக்கப்பட்டிருந்தது.

ஆகவே ஆயத்தத்தின் முதல் வேலை, நான் எந்த எகிப்துக்கு மூட்டை கட்டி வைத்திருக்கிறேன் என்று பார்ப்பது. வேலை மாற்றமா, கல்யாணப் பேச்சா, யாரோடு பேசாமல் இருப்பதா, பணம் கொடுப்பதா வாங்குவதா? எந்த விஷயத்தில் 'இதைப்பற்றி மட்டும் இன்றைக்குப் பேசக்கூடாது' என்று மனம் ஒதுங்குகிறதோ, அதன் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். யோவான் 7:17இல் இயேசு சொல்லும் வரிசையும் இதுவே: அவருடைய சித்தத்தின்படி செய்ய மனதுள்ளவன்தான் உபதேசத்தை அறிந்துகொள்ளுவான். செய்ய மனது முன்னால் வருகிறது, விளக்கம் பின்னால் வருகிறது. புரிந்தால் செய்வேன் என்று உட்காருகிறவருக்குப் பல நேரம் புரியாமலே போய்விடுகிறது.

இனி நிலம். மத்தேயு 13, மாற்கு 4, லூக்கா 8 மூன்றிலும் உள்ள விதைக்கிறவன் உவமையை எல்லாரும் கேட்டிருப்போம்: விதை என்பது தேவவசனம்; அது வழியருகே, கற்பாறையில், முள்ளில், நல்ல நிலத்தில் என்று நாலு இடத்தில் விழுகிறது; வழியருகே விழுந்ததைப் பறவைகள் தின்றுவிடுகின்றன. நாலு நிலத்தை நாலு வகை மனிதர்களாகப் பிரித்து, நம்மை நல்ல நிலத்தில் வைத்துக்கொண்டு போய்விடுவதுதான் வழக்கம். நடைமுறையில் ஒரே ஆளுக்குள் நாலும் இருக்கும். பிள்ளை வளர்ப்புபற்றிய வசனத்துக்கு நல்ல நிலமாக இருப்பவர், மாமியாரைப்பற்றிய வசனத்துக்குப் பாறையாக இருக்கலாம். எந்த நிலத்தில் எது கெட்டுப்போகிறது என்று தெரிந்தால்தான் எந்த வேலை செய்வது என்று தெரியும்.

வழியருகே உள்ள நிலம் மோசமான மண் இல்லை. ஆட்கள் நடந்து நடந்து இறுகிப்போனது, அவ்வளவுதான். விடியற்காலையில் கண் விழித்ததும் ஐம்பது மெசேஜ், அதில் பத்து வசனப் படங்கள், பஸ்ஸில் ஒரு பிரசங்க வீடியோவில் பாதி, அடுத்து ஒரு சமையல் வீடியோ. இப்படி எல்லாரும் நடந்துபோகிற பாதையாக மனம் ஆகும்போது தேவவசனமும் அதன்மேல் நடந்துபோகிற இன்னொன்றாகிவிடுகிறது. இந்த நிலத்தில் பறவை எப்போது வருகிறது என்று மாற்கு 4:15 சொல்கிறது: உடனே. உங்கள் மதிய மறதி இந்த வகை. அதற்கான மருந்து ஆராதனைக்கு முன்னால் பாதி, முடிந்த முதல் பத்து நிமிடத்தில் மீதி. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கற்பாறை நிலம் என்றால் கல் நிறைந்த நிலம் என்று பலர் நினைக்கிறார்கள். கலிலேயா மலைச்சரிவுகளில் சுண்ணாம்புப் பாறைக்கு மேல் மெல்லியதாக மண் படிந்திருக்கும். மேலே பார்த்தால் நல்ல நிலம் போலவே தெரியும், விதையும் சீக்கிரம் முளைக்கும். வேர் இறங்கும்போதுதான் பாறை தட்டும். அதனால்தான் இயேசு இவர்களைச் சந்தோஷத்தோடே ஏற்றுக்கொள்ளுகிறவர்கள் என்கிறார். ஆராதனையில் அழுததும், 'செம மெசேஜ்' என்று சொன்னதும் வேர் பிடித்ததற்கு அடையாளம் அல்ல. எசேக்கியேல் 33இல் ஜனங்கள் தீர்க்கதரிசியின் பேச்சை இனிய குரலில் பாடும் பாட்டைப்போல ரசித்துக் கேட்டார்கள், செய்யத்தான் இல்லை. இதற்கு ஒரு கேள்வி போதும்: இந்த வசனத்தை நான் மெய்யாகவே எடுத்துக்கொண்டால் இந்த வாரம் எனக்கு என்ன செலவாகும்? நேரமா, பணமா, மானமா? விடை ஒன்றும் வரவில்லை என்றால் வேர் இன்னும் பாறையைத் தொடவே இல்லை.

முள் நிலத்தை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க முள்ளே தேவையில்லை, லாலான் என்ற களைப்புல் போதும். தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களிடம் கேளுங்கள். லாலானை மேலே வெட்டினால் சாகாது. மண்ணுக்குள் ஓடுகிற தண்டு இருக்கும்வரை திரும்ப வரும். மண்வெட்டியால் துண்டு துண்டாக வெட்டிவிட்டால் ஒவ்வொரு துண்டும் தனியாக முளைக்கும். விதை விழும் நாளில் நிலம் சுத்தமாகத் தெரியும், வேர் உள்ளே காத்திருக்கும். "முள்ளுகளுக்குள்ளே விதையாதிருங்கள், உங்கள் தரிசுநிலத்தைப் பண்படுத்துங்கள்" என்று எரேமியா 4:3 இதனால்தான் சொல்கிறது. பண்பட்ட நிலம், பண்பட்ட மனம், பண்பாடு என்று தமிழில் எல்லாம் ஒரே வேரிலிருந்து வருவதையும் கவனியுங்கள்.

மாற்கு 4:19 மூன்று முள்ளைச் சொல்கிறது: உலகக்கவலை, ஐசுவரியத்தின் மயக்கம், மற்றவைகளைப்பற்றிய இச்சை. கவலையை 'விட்டுவிடு' என்றால் போகாது. வாசிக்க உட்காருமுன் ஒரு துண்டுத்தாளில் இரண்டு நிமிடம் எழுதுங்கள்: கார் லோன், பையனின் பரீட்சை, அம்மாவின் மருந்து. ஒவ்வொன்றுக்கும் எதிரே அடுத்து செய்யவேண்டிய ஒரே காரியம், அதைச் செய்யும் நாள். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்து, 1 பேதுரு 5:7ஐச் சொல்லி ஒப்புக்கொடுங்கள். தாளில் இறங்கிய கவலை வாசிப்பின் நடுவில் வந்து கதவைத் தட்டுவது குறையும். ஐசுவரியத்தின் மயக்கம் பணக்காரர் வியாதி என்று நினைக்கவேண்டாம். வாராவாரம் நாலு நம்பர் லாட்டரி எடுக்கிற வீட்டிலும் அது இருக்கிறது, தேவை இல்லாதபோதும் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமை விட மனம் வராத இடத்திலும் இருக்கிறது. வீட்டுச் செலவுக்கு வழியில்லாமல் ஓவர்டைம் செய்கிறவரை இது குறிக்காது.

அடுத்தது யாக்கோபு 1:21: எல்லாவித அழுக்கையும் கொடிய துர்க்குணத்தையும் ஒழித்துவிட்டு, திருவசனத்தைச் சாந்தமாய் ஏற்றுக்கொள்ளுங்கள். 'ஒழித்துவிட்டு' என்பதற்கு மூலத்தில் உடுப்பைக் கழற்றிப்போடுகிற சொல். தொழிற்சாலையின் தூசியில்லா அறையான கிளீன் ரூமில் வேலை செய்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். உள்ளே போனபிறகு தூசி தட்ட முடியாது, வாசலிலேயே முடித்துவிட வேண்டும். எந்த அழுக்கு? இரண்டு வசனம் முன்னால் போனால் தெரியும்: கேட்கிறதற்குத் தீவிரம், பேசுகிறதற்குப் பொறுமை, கோபிக்கிறதற்குத் தாமதம். கேட்பதற்கு முதல் எதிரி கோபம் என்கிறார் யாக்கோபு. ஞாயிறு காலையில் சட்டை இஸ்திரி போடவில்லை, பிள்ளை இன்னும் குளிக்கவில்லை, ஜார்ஜ்டவுனில் கார் நிறுத்த இடமில்லை என்று சண்டை போட்டுக்கொண்டே வந்து உட்காருகிற குடும்பங்கள் எத்தனை! ஆகவே சனிக்கிழமை மாலையே துணியை இஸ்திரி போட்டு வைப்பது ஆவிக்குரிய வேலைதான், சிரிக்கவேண்டாம்.

அறிக்கை செய்வதற்கு ஐந்து நிமிடம் போதும். 'நான் பாவி' என்று பொதுவாகச் சொல்லாமல் ஒன்றையாவது பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். ஒருவரோடு மனஸ்தாபம் என்றால் மத்தேயு 5:24படி போய்ப் பேசுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு கும்பிடு போட்ட கைப்படம் அனுப்புவது ஒப்புரவு ஆகாது, போன் போட்டாவது பேசவேண்டும். அடிக்கிறவரிடம் திரும்பப் போய் நிற்கவேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. இன்னொரு பக்கத்துத் தவறும் உண்டு: மணிக்கணக்கில் தன்னையே தோண்டிக்கொண்டிருப்பது. விதைக்காமல் உழுதுகொண்டே இருந்தால் மழையில் மண்தான் கரைந்துபோகும்.

'சாந்தமாய்' என்பதையும் தவறாகப் புரிந்துகொள்கிறோம். அமைதியான மனநிலை என்பதைவிட, எதிர்த்து நிற்காத தாழ்மை என்பதே அங்கே பொருள். ஆனால் அந்தத் தாழ்மை வசனத்துக்கு முன்னால் காட்டவேண்டியது, பிரசங்கியார் சொல்கிற எல்லாவற்றுக்கும் அல்ல. அப்போஸ்தலர் 17:11இல் பெரோயா பட்டணத்தார் மனோவாஞ்சையாய் வசனத்தை ஏற்றுக்கொண்டார்கள், அதோடு காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று தினந்தோறும் ஆராய்ந்தும் பார்த்தார்கள். 'கேள்வி கேட்காதே, இருதயத்தைத் திற' என்று மேடையிலிருந்து சொல்லி, அடுத்து காணிக்கைப் பையை நீட்டினால், கேள்வி கேட்பதுதான் ஆயத்தமான இருதயம்.

இப்போது உங்கள் வாரத்துக்கு வருவோம். இஸ்ரவேலர் சீனாய் அடிவாரத்தில் தேவன் பேசுமுன் வஸ்திரங்களைத் தோய்த்து, மூன்றாம் நாளுக்கு ஆயத்தமானார்கள். நம் தமிழ்ச் சபைகளிலும் திருவிருந்துக்கு முந்தின நாள் 'ஆயத்த ஆராதனை' வைக்கிற வழக்கம் உண்டு. புக்கிட் மெர்த்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்கு ஜூலை 26க்கு முன்பு ஒன்பது நாள் நவநாள் செய்கிற கத்தோலிக்கருக்கும் முன்னேற்பாடு புதிதல்ல. வாராவாரம் வருகிற வசனத்துக்குத்தான் யாரும் முன்னேற்பாடு செய்வதில்லை.

சனி இரவு 20 நிமிடம் ஒதுக்குங்கள். கத்தோலிக்க, லூத்தரன், ஆங்கிலிக்கன் சபைகளில் ஞாயிறு வாசகங்கள் முன்பே குறிக்கப்பட்டிருக்கும். மற்ற சபைகளில் வெள்ளிக்கிழமை போதகருக்கு ஒரு மெசேஜ் போட்டு எந்தப் பகுதி என்று கேளுங்கள், கேட்கிற ஆள் இருக்கிறார் என்று தெரிந்தால் அவரும் நன்றாகத் தயாரிப்பார். பகுதியை இரண்டு தரம் வாசியுங்கள், ஒரு தரம் சத்தமாக. புரியாத ஒன்றைக் கேள்வியாக எழுதிக்கொள்ளுங்கள். கேள்வியோடு வருகிற காது தூங்காது. போனை வேறு அறையில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுங்கள்.

ஆராதனையில் காகித வேதாகமம் எடுத்துப்போவது நல்லது. போனில் வேதம் திறந்தால் மேலிருந்து அறிவிப்பு ஒன்று இறங்கும், பறவைக்கு அதுவே போதும். குறிப்பு அரைப் பக்கத்தைத் தாண்டவேண்டாம்: வேதபகுதி, பிரசங்கத்தின் ஒரே வாக்கியச் சாரம், நான் செய்யவேண்டிய ஒன்று. எல்லாவற்றையும் எழுதுகிறவர் கேட்பதில்லை. 'இது நம்ம பெரியம்மாவுக்குத்தான்' என்று தோன்றினால் அந்த வரியை மறுபடி உங்கள் பெயரோடு எழுதுங்கள். திருப்பலியில் நற்செய்திக்கு முன் நெற்றியிலும் உதட்டிலும் நெஞ்சிலும் சிலுவை வரைகிறவர்கள், அந்த மூன்றும் எதற்கு என்று ஒரு கணம் நிதானித்தாலே பெரிய ஆயத்தம்.

முடிந்ததும் வரும் பத்து நிமிடம்தான் அதிகம் வீணாகிறது. பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர். குளுகோரில் ஏறிப் பிறையில் இறங்குமுன் காரில் இருக்கிற ஒவ்வொருவரும், சின்னப் பிள்ளை உட்பட, தனக்குக் கிடைத்த ஒன்றைச் சொல்லட்டும். பிரசங்கத்தைக் குறை சொல்வது பாலம் தாண்டிய பிறகு. எழுதிவைத்த அந்த ஒரு காரியத்தை 24 மணி நேரத்துக்குள் ஆரம்பியுங்கள். ரப்பர் விதையை நெல் போலப் பத்தாயத்தில் போட்டு அடுத்த ஆண்டுக்கு வைக்க முடியாது, விழுந்து சில வாரங்களிலேயே முளைக்கும் சக்தி போய்விடும். கேட்ட வசனமும் அப்படித்தான், செய்யாமல் வைத்திருந்தால் தகவலாகிவிடும்.

தினசரி வாசிப்பில் ஒரு மாற்றம் தேவை. 12 மணி நேரம் நின்று வேலை செய்தபின் தூக்கத்தில் ஒரு முழு அதிகாரம் என்பது கண் ஓட்டம்தான். 8 முதல் 12 வசனம், மொத்தம் 15 நிமிடம் போதும். ஒரு நிமிடம் சங்கீதம் 119:18ஐ ஜெபமாகச் சொல்லுங்கள்: "உமது வேதத்திலுள்ள அதிசயங்களை நான் பார்க்கும்படிக்கு, என் கண்களைத் திறந்தருளும்." இது வெறும் முறைக்காக அல்ல. பவுல் பேசக் கேட்ட லீதியாளின் இருதயத்தைத் திறந்தவர் கர்த்தர் என்று அப்போஸ்தலர் 16:14 சொல்கிறது. நாம் செய்கிற வேலை மண்ணோடு நிற்கிறது. பிறகு ஐந்து நிமிடம் இரண்டு தரம் சத்தமாக வாசிப்பு, ஐந்து நிமிடம் ஒரே வசனத்தை அசைபோடுதல், இரண்டு நிமிடம் எழுதுதல், இரண்டு நிமிடம் ஜெபம். சங்கீதம் 1:2இல் 'தியானம்' என்பதற்கு மூலத்தில் உள்ள சொல் வாய்க்குள் முணுமுணுப்பதைக் குறிக்கும். ஏசாயா 31:4இல் இரையைப் பிடித்த சிங்கத்தின் உறுமலுக்கும் அதே சொல். ஆகவே தொழிற்சாலை பஸ்ஸில் மாஸ்க்குக்குள் முணுமுணுத்துக்கொண்டு போவது முழுத் தியானமே. முதலில் மாற்கு 4:1-20, பிறகு யாக்கோபு 1:19-27. அதற்குப் பின் சங்கீதம் 119, எட்டெட்டு வசனமாக 22 பகுதிகள், நாளுக்கு ஒன்று.

மொழியும் ஒரு பாறைதான், யாரும் சொல்வதில்லை. நாம் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பின் அடிப்படை 1871இல் வெளிவந்த, ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்ட வேதாகமம். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு தமிழை நிறுத்தி மலாய் இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளைக்கு 'பிரவேசித்து', 'பிரயோஜனப்படவில்லை' என்பவை பாதி மூடிய கதவு. புரியாததைப் பக்தி என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். எளிய தமிழ் மொழிபெயர்ப்பையோ 1995இல் வந்த திருவிவிலியத்தையோ பக்கத்தில் வைத்து, அல்லது பிள்ளைக்கு ஆங்கிலத்தில் ஒரு தரம் வாசித்துவிட்டு, பிறகு பழையதை மனப்பாடம் செய்யுங்கள். மனப்பாடத்துக்குப் பழையதன் ஓசைதான் நன்றாக ஒட்டும் என்பது என் அபிப்பிராயம்.

கடைசியாக ஒன்று, இதைப் படிக்கும்போது நீங்கள் உங்களையே குற்றப்படுத்திக்கொண்டிருக்கலாம் என்பதால். யாத்திராகமம் 6:9இல் இஸ்ரவேலர் மோசே சொன்னதற்குச் செவிகொடுக்கவில்லை. காரணம் கடினமான இருதயம் என்று அங்கே எழுதவில்லை. "மனமடிவினாலும் கொடுமையான வேலையினாலும்" என்று எழுதியிருக்கிறது. சோர்ந்த உடம்பு கேளாமற்போவது கலகம் அல்ல. 1 இராஜாக்கள் 19இல் எலியாவோடு மெல்லிய சத்தத்தில் பேசுமுன் தேவன் அவனைத் தூங்கவிட்டார், அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடி தூங்கவிட்டார், மறுபடி சாப்பிடச் சொன்னார்.

ஆகவே இரவு ஷிப்ட் முடிந்து ஞாயிறு காலை 7 மணிக்கு இறங்குகிற வாரங்களில் நேரே ஆராதனைக்குப் போய் பெஞ்சில் தலை சாய்க்கவேண்டாம். வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, ஆறு மணி நேரம் தூங்குங்கள். மாலை ஆராதனை உள்ள சபை பக்கத்தில் இருந்தால் அதற்குப் போகலாம். இல்லாவிட்டால் அன்றைய பகுதியை யாரிடமாவது கேட்டு வாங்கி, மாலை 5 மணிக்கு வீட்டாரோடு உட்கார்ந்து சத்தமாக வாசித்து, அந்த மூன்று வரிக் குறிப்பை எழுதுங்கள். காலையில் போய்வந்தவர் ஒருவரை போனில் கூப்பிட்டு அவருக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள். அவருக்கும் அதற்குள் மறந்துபோயிருந்தால், இருவரும் சேர்ந்து பகுதியை மறுபடி திறந்து வாசியுங்கள்.